ஒரு தகரப் பெட்டியின் பூர்வோத்தரம்

தெற்குக் கலிஃபோர்னியாவின் பழைய கார்க் கிடங்குகளில் 1990களின் பிற்பகுதியில் ஒரு விசித்திர வேட்டை நடந்துகொண்டிருந்தது. விபத்தில் நசுங்கியோ, வயதாகித் தள்ளாமல் போயோ வரிசையாகக் கிடந்த ஹோண்டா சிவிக் கார்களுக்குள் ஸ்க்ரூ டிரைவரோடு நுழைந்த இளைஞர்கள், சக்கரத்தையும் ஸ்டீரியோவையும் ஏறிட்டும் பாராமல், டிரைவருக்கு அடுத்த ஸீட்டின் கால்மாட்டில் கம்பளத்தை விலக்கி, பக்கப் பலகைக்குப் பின்னால் பதுங்கியிருக்கும் ஒரு தகரப் பெட்டியை நாடினார்கள். அதன்மேல் ஒட்டியுள்ள சீட்டில் 37820 என்று ஆரம்பிக்கும் நீண்ட எண்ணின் நடுவில் பி28 என்ற குறி தென்பட்டுவிட்டால் அன்றைய பிரயாணம் பலித்தது என்று அர்த்தம். ஆணிகளைக் கழற்றி, மூன்று இணைப்புகளைப் பிடுங்கி, கவுண்டரில் பணத்தைக் கட்டிவிட்டுப் போய்விடுவார்கள். கார் நசுக்கும் யந்திரத்துக்குப் போகும், பெட்டி வேறொரு காரில் மறுபிறவி எடுக்கும்.

அந்தப் பெட்டி என்ஜினின் கம்ப்யூட்டர். ஒர்க்ஷாப் பாஷையில் ஈசியூ. எவ்வளவு பெட்ரோலைப் பீச்ச வேண்டும், தீப்பொறியை எந்தக் கணத்தில் விட வேண்டும் என்ற இரண்டு கேள்விகளுக்கும் அது ஓயாமல் விடை சொல்லிக்கொண்டே இருக்கிறது. விடைகளை அது தானாக யோசித்துக் கண்டுபிடிப்பதில்லை. யாரோ முன்கூட்டியே எழுதிவைத்த அட்டவணையைப் புரட்டிச் சொல்கிறது, அவ்வளவுதான். என்ஜினின் வேகம் ஒரு திசையிலும் அதன்மேல் ஏறியுள்ள பாரம் மறு திசையிலுமாகக் கட்டம் போட்ட அந்த அட்டவணையில் எண்களை எழுதும் அதிகாரம் காரைச் செய்த கம்பெனிக்கா, சட்டம் செய்த சர்க்காருக்கா, விலைகொடுத்து வாங்கினவனுக்கா என்ற வழக்கு அரை நூற்றாண்டாக நடந்துவருகிறது. கைமாறி வந்த என்ஜின் கம்ப்யூட்டரை வாங்கி மாட்டும் தொழில் அந்த வழக்கிலிருந்து பிறந்த குழந்தை என்பது என் அபிப்பிராயம்.

இந்த வழக்கே இல்லாத காலம் ஒன்று இருந்தது. கார்ப்பரேட்டர் இருந்த நாளில், பெட்ரோல் செல்லும் துவாரத்தை அளவிடும் ஜெட் என்னும் பித்தளைத் துண்டை மாற்றினால் கலவை மாறிவிடும். டிஸ்ட்ரிபியூட்டரைக் கையால் பிடித்துச் சற்றே திருப்பினால் தீப்பொறியின் நேரம் மாறிவிடும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அதன் முனை வெளுத்திருந்தால் பெட்ரோல் குறைவு, கரி படிந்திருந்தால் அதிகம், காப்பித்தூள் நிறமாக இருந்தால் சரியாக இருக்கிறது என்று சொல்லிவிடுகிற மெக்கானிக்குகள் உலகமெங்கும் இருந்தார்கள். அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று பெருமூச்சு விடுகிறவர்களோடு நான் முழுவதும் உடன்படுவதற்கில்லை. காலைக் குளிரில் ஒரு குணமும் நடுப்பகலில் ஒரு குணமும் காட்டி, மலைமேல் ஏறிக் காற்று மெலிந்தால் மூச்சு முட்டி நிற்கும் சாதனம் அது; அதன் எளிமையைப் புகழ்கிறவர்கள் அது குடித்துத் தீர்த்த பெட்ரோலைக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. ஆயினும் அதைத் திருத்துவதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை என்பது உண்மை.

அந்த வேலையை மின்சாரத்தின் வசம் ஒப்படைக்கும் முதல் பிரயத்தனம் அமெரிக்காவில் நடந்தது. பெண்டிக்ஸ் கம்பெனி எலக்ட்ரோஜெக்டர் என்ற பெயரில் சிருஷ்டித்த சாதனத்தை, கிரைஸ்லர் நிறுவனம் 1958ஆம் வருஷத்து மாடல்களில் சுமார் 35 கார்களில் பொருத்தி விற்றுப் பார்த்தது. என்ஜினுக்கு அருகில் இருக்கும் உஷ்ணத்தையும் ஈரத்தையும் தாங்கக்கூடிய எலக்ட்ரானிக் உறுப்புகள் அன்றைக்கு இல்லை. அதனால் அந்தக் கார்களில் பெரும்பாலானவற்றில் சாதனத்தைக் கழற்றிவிட்டுப் பழையபடி கார்ப்பரேட்டரையே மாட்டிக் கொடுக்கும்படி ஆயிற்று. பெண்டிக்ஸின் காப்புரிமைகள் ஜெர்மனியின் பாஷ் கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்தன. அவற்றை அஸ்திவாரமாக வைத்துக்கொண்டு பாஷ் உருவாக்கிய டி-ஜெட்ரானிக் 1967இல் ஃபோக்ஸ்வாகன் 1600 காரில் அமெரிக்கச் சந்தைக்கு வந்தது. அது டிரான்சிஸ்டர்களாலான அனலாக் பெட்டி. அதில் எண்களின் அட்டவணை எதுவும் இல்லை. அந்தப் பெட்டியின் உடம்பிலேயே ஒரு சிறு திருகு இருந்தது. என்ஜின் சும்மா ஓடும்போது வேண்டிய கலவையை அதைத் திருகிச் சரிசெய்துகொள்ளலாம். மெக்கானிக்கின் கைக்குக் கம்பெனிக்காரர்கள் அப்போது விட்டுவைத்த இடம் அதுதான்.

அந்தக் கைகளை விலக்கியே தீரவேண்டும் என்ற நிலைமையை உண்டாக்கியது லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தின் காற்று. கண்ணெரிச்சலும் மூச்சடைப்புமாக அந்நகரத்தின்மேல் கவிந்திருந்த பழுப்பு நிறப் புகைமூட்டம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு, 1950களின் தொடக்கத்தில் கால்டெக்கில் ரசாயனம் போதித்த ஆரி ஹாகன்-ஸ்மிட் விடை கண்டார்: கார்களின் புகைக்குழாயிலிருந்து வரும் ஹைட்ரோகார்பன்களும் நைட்ரஜன் ஆக்ஸைடுகளும் சூரிய ஒளியில் வெந்து சேர்வதால் விளைவதே அது என்று நிரூபித்தார். கலிஃபோர்னியா 1967இல் காற்று வள வாரியத்தை ஏற்படுத்தியபோது அவரே அதன் முதல் தலைவரானார். 1970இல் தூய காற்றுச் சட்டம் அமெரிக்கா முழுமைக்குமாக வந்தது. புகையைச் சுத்திகரிக்கும் காட்டலிடிக் கன்வெர்ட்டர் தன் வேலையைச் செவ்வனே செய்ய வேண்டுமானால் ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற விகிதத்தை விட்டு என்ஜின் அதிகம் நகரக் கூடாது. இந்த நியமத்தைக் கார்ப்பரேட்டரால் காப்பாற்ற முடியவில்லை. புகையில் மிஞ்சியிருக்கும் ஆக்ஸிஜனை உணர்ந்து சொல்லும் லாம்ப்டா சென்சார் 1976இல் வால்வோ காரில் வந்தது. தீப்பொறியையும் பெட்ரோலையும் ஒரே டிஜிட்டல் பெட்டிக்குள் அடக்கிய பாஷின் மோட்ரானிக் 1979இல் பி.எம்.டபிள்யூ. 732ஐ காரில் வந்தது. மெக்கானிக்கின் உரிமை போயிற்றே என்று பிற்காலத்தில் சர்க்காரைத் திட்டினவர்கள் பலர். அந்த நகரத்துக் குழந்தைகள் சுவாசித்த காற்றை நினைத்தால், அந்தத் திட்டில் நியாயம் பாதிக்குமேல் இல்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

கதவை இறுகச் சாத்தின கையே சாவியையும் வெளியில் வைத்துவிட்டுப் போனது இந்தச் சரித்திரத்தின் சுவாரசியமான பகுதி. ஜெனரல் மோட்டார்ஸ் 1981 மாடல்களில் ஏறக்குறைய எல்லாக் கார்களுக்கும் கம்ப்யூட்டர் வைத்தபோது, ஒரே வகைப் பெட்டியைப் பலவகைக் கார்களுக்கும் உபயோகப்படுத்தும் சிக்கனத்துக்காக, எண்களின் அட்டவணையை மட்டும் தனி சிப்பில் எழுதிச் சாக்கெட்டில் சொருகி வைத்தது. பெட்டி பழுதானால் டீலர் அந்தச் சிப்பைப் பிடுங்கிப் புதுப் பெட்டியில் வைத்துவிடலாம். டீலர் பிடுங்கக் கூடியதை மற்றவர்களும் பிடுங்கலாம் அல்லவா? அல்ட்ராவயலட் ஒளியால் அழித்து மீண்டும் எழுதக்கூடிய, கண்ணாடி ஜன்னல் பதித்த ஈப்ராம் சிப்புகள் கடைகளில் தாராளமாகக் கிடைத்த 1980களில், அட்டவணையைப் படித்து, தீப்பொறியைச் சற்று முன்தள்ளி, கலவையைச் சற்றுக் கூட்டி எழுதி விற்கும் சிப் வியாபாரம் தழைத்தது.

ஜப்பானில் இந்த விவகாரம் வேறு போக்கில் சென்றது. அங்கே கார்கள் மணிக்கு 180 கிலோமீட்டரைத் தொட்டவுடன் கம்ப்யூட்டரே பெட்ரோலைத் தடுத்துவிடும். 1989இல் நிஸ்ஸான் ஃபேர்லேடி இஸட் வந்தது முதல் எந்தக் கம்பெனியும் 280 குதிரைச் சக்திக்கு மேல் அறிவிப்பதில்லை என்ற எழுதப்படாத உடன்படிக்கையும் 2004 வரை நீடித்தது. உள்ளே இருக்கும் இரும்போ அதற்கு மேலும் தாங்கக் கூடியது. தடுப்பதெல்லாம் பெட்டிக்குள் எழுதிய எண்கள்தான் என்று தெரிந்துகொண்டவர்கள் சும்மா இருப்பார்களா? ஏபெக்ஸி கம்பெனியின் பவர் எஃப்ஸி என்ற பெட்டி இந்தத் தேவைக்காகவே பிறந்தது. கம்பெனிப் பெட்டியைக் கழற்றி, அதே வயர் இணைப்பில் இதைச் சொருகினால் போதும். ஒரு கம்பியையும் வெட்ட வேண்டியதில்லை. காற்றளவுமானி உள்ள கார்களுக்கு எல்-ஜெட்ரோ, அழுத்தத்தை அளக்கும் வகைக்கு டி-ஜெட்ரோ என்று, பாஷ் கம்பெனி வைத்த பெயர்களின் மிச்சத்தையே தங்கள் பெட்டிகளுக்கும் வைத்துக்கொண்டார்கள். வேகம் 20, பாரம் 20 என 400 கட்டங்கள் கொண்ட அதன் அட்டவணையைப் பார்க்கவும் திருத்தவும், கையில் பிடித்துக்கொள்ளும் கமாண்டர் என்ற சிறு கருவி தனியாக உண்டு. பழைய ஸ்கைலைன், ஆர்எக்ஸ்-7 கார்கள் நியூசிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் பிரிட்டனுக்கும் கப்பலேறியபோது இந்தப் பெட்டிகளும் அவற்றோடு பிரயாணம் செய்தன. கமாண்டர் இல்லாமல் பெட்டி மட்டும் மலிவாக விற்பனைக்கு வரும்போது, அதை அவசரப்பட்டு வாங்கினவன் அட்டவணையைக் கண்ணால் காணவும் வழியின்றித் தவித்து, அந்தச் சிறு கருவிக்காகத் தனியே அலைவது அந்த வட்டாரத்தில் சகஜம்.

இனி நம் பி28க்குத் திரும்புவோம். 1992 முதல் 1995 வரை வந்த சிவிக் கார்களில், 125 குதிரைச் சக்தி கொண்ட வீடெக் என்ஜினுக்கு அமைந்த பெட்டி இது. வால்வுகளை இயக்கும் காம் குறைந்த வேகத்தில் ஒருவிதமாகவும் அதிக வேகத்தில் வேறுவிதமாகவும் வேலைசெய்யும் அந்த என்ஜினுக்கு, பெட்டிக்குள் இரண்டு ஜோடி அட்டவணைகள் உண்டு. அட்டவணையெல்லாம் ஓகி கம்பெனியின் பிராசஸருக்குள்ளேயே பதிந்திருந்தபடியால் பிடுங்கி எடுப்பதற்கு ஒன்றும் இல்லை. ஆனால் மூடியைத் திறந்து பலகையைப் பார்த்தவர்களுக்கு ஓர் ஆச்சரியம் காத்திருந்தது: 28 கால்கள் உள்ள சிப் ஒன்றுக்கும், அதற்குத் துணையாக 20 கால்கள் உள்ள இன்னொன்றுக்கும், துளையிட்டு, எல்லைக்கோடு அச்சிட்டு, பெயரும் எழுதி, உறுப்பை மட்டும் வைக்காமல் காலியிடம் விட்டிருந்தார்கள். ஒரே பலகையை உள்-நினைவகத்தோடும் வெளி-நினைவகத்தோடும் பயன்படுத்தும்படி வரைந்த பொறியாளர்களின் சௌகரியம் அது. பின்னால் ஒரு தலைமுறைக்கே வாசலாகும் என்று அவர்கள் கனவிலும் எண்ணியிருக்க மாட்டார்கள்.

அந்த வாசலைத் திறக்கும் முறை ஒரு சம்பிரதாயமாகவே ஆகிவிட்டது. தொழிற்சாலையில் ஈயத்தால் அடைபட்ட துளைகளைச் செம்பு நாடா வைத்துச் சூடேற்றிச் சுத்தம் செய்வது முதல் வேலை. அவசரப்பட்டுச் சூட்டை அதிகமாக்கினால் பலகையின் மெல்லிய செம்புத் தடமே பெயர்ந்து வந்துவிடும் என்பதால், பொறுமையற்றவர்கள் பலருக்கு வேலை அந்தப் படியிலேயே முடிந்துபோயிற்று. பிறகு 28 கால் சாக்கெட், 74எச்சி373 என்ற துணைச் சிப், இரண்டு சிறு கெபாசிட்டர்கள், ஆர்54 என்று குறித்த இடத்தில் 1 கிலோ ஓம் ரெசிஸ்டர். கடைசியாக ஜே1 என்று அச்சிட்டிருக்கும் இடத்தில் ஒரு துண்டுக் கம்பி: அந்தக் கம்பி வைத்த கணம் முதல் பிராசஸர் தன்னுள் பதிந்த அட்டவணையைக் கைவிட்டு, சாக்கெட்டில் இருப்பதைப் படிக்கத் தொடங்குகிறது. சில்லறைக் காசுக்குக் கிடைக்கும் உறுப்புகளைக் கொண்டு, ஹோண்டாவின் அதிகாரத்தை ஒரு கம்பித் துண்டால் இடமாற்றம் செய்தார்கள்! சிப்பின் முனையில் உள்ள பள்ளம் எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்று கவனியாமல் திருப்பிச் சொருகியவர்களுக்குப் புகை ஒன்றே மிச்சம்.

பெட்டியைக் காரில் மாட்டுவது அதைவிடச் சுலபம். 26, 16, 22 பின்கள் கொண்ட மூன்று இணைப்புகளைச் சொருகிச் சாவியைத் திருப்பினால், எச்சரிக்கை விளக்கு இரண்டு விநாடி எரிந்து அணைய வேண்டும்; அணையாமல் நின்றெரிந்தால் சிப்பைப் பெட்டியால் படிக்க முடியவில்லை என்று பொருள். அணைந்தபின், டாஷ்போர்டுக்கு அடியில் உள்ள சர்வீஸ் இணைப்பின் இரு முனைகளையும் ஒரு கம்பியால் இணைத்துவிட்டு, டைமிங் லைட்டைப் பிடித்து, தீப்பொறி 16 டிகிரியில் நிற்கும்வரை டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்புவார்கள். இதைச் செய்யாமல் சிப்பில் என்ன எழுதினாலும் எழுதிய எண் ஒன்று, என்ஜினுக்குக் கிடைப்பது ஒன்றாக இருக்கும்.

இரண்டாம் கையாக வந்த பெட்டியின் உண்மையான அபாயம் ஈயத்திலோ கம்பியிலோ இல்லை. முன்னவன் தன் என்ஜினுக்காக எழுதிய அட்டவணை அப்படியே உள்ளே உட்கார்ந்திருக்கும். பிறர் காலுக்கு அளவெடுத்துத் தைத்த செருப்பு அது. சிவிக்கின் சொந்த இன்ஜெக்டர் நிமிஷத்துக்கு 240 சிசி பெட்ரோல் விடும். டர்போ மாட்டினவன் மிட்சுபிஷி காரிலிருந்து எடுத்த 450 சிசி இன்ஜெக்டரைப் போட்டு, அதற்கேற்ப அவை திறந்திருக்கும் நேரத்தைப் பாதியாகக் குறைத்து எழுதியிருப்பான். அதே சிப்பைச் சாதாரணக் காரில் வைத்தால் பெட்ரோல் பாதியாகிவிடும், என்ஜின் கிளம்பினாலே அதிசயம். நேர்மாறாக நடந்தால், கொட்டும் பெட்ரோல் சிலிண்டர் சுவரில் படிந்த எண்ணெயைக் கழுவிக்கொண்டு போகும். இவை உடனே தெரிந்துவிடுகிற தவறுகள், ஆகவே சாதுவானவை. தீப்பொறியை நாலு டிகிரி அதிகம் முன்தள்ளி எழுதிய அட்டவணை முதல் நாள் நல்ல வேகத்தைக் காட்டி, வெயில் நாளில் மேடேறும்போது பிஸ்டனை உடைக்கும். அப்போது பெட்டியை விற்றவன் எங்கே இருப்பான்? விவரம் தெரிந்தவர்கள் பழைய பெட்டியை வாங்கினதும் செய்யும் முதல் காரியம், சிப்பை எடுத்துவிட்டு, தங்கள் என்ஜினுக்கு உரியதைப் புதிதாக எழுதி வைப்பதுதான்.

இந்த வர்த்தகத்துக்கு ஓர் இருண்ட பக்கமும் உண்டு. அதைச் சொல்லாமல் விடுவது சரித்திரத்துக்குத் துரோகம். அமெரிக்காவில் அதிகம் திருடுபோகும் கார்களின் வருஷாந்தரப் பட்டியல்களில் 1990களின் சிவிக்கும் அக்கார்டும் நெடுங்காலம் முதலிடங்களைப் பிடித்துக்கொண்டிருந்தன. ஒரு மாடலின் உறுப்பு மற்றொன்றில் பொருந்திப்போகும் ஹோண்டாவின் குணமே திருடனுக்கும் சௌகரியமாயிற்று. மலிவாகக் கிடைத்த எல்லாப் பெட்டிகளும் கிடங்குகளின் கவுண்டர் வழியாக வந்தவை அல்ல.

1996 மாடல்களிலிருந்து ஓபிடி-2 என்ற பரிசோதனை முறை அமெரிக்காவில் கட்டாயமாயிற்று. ஹோண்டாவின் புதிய பெட்டிகளில் அந்தக் காலியிடத்தின் வசதி கிடைக்கவில்லை. உடனே நடந்தது ஒரு தலைகீழ் மாற்றம்: புதுக் காரின் புதுப் பெட்டியைக் கழற்றி வைத்துவிட்டு, இணைப்புகளைப் பொருத்தும் ஓர் இடைவயரின் உதவியால், நான்கைந்து வருஷம் பழைய பி28ஐ அதில் மாட்டத் தொடங்கினார்கள். பழைய பெட்டி புதியதைவிட அதிக விலைக்குப் போன விந்தை இப்படி நேர்ந்தது.

2001இல் அமெரிக்கர்களான புரூஸ் பௌலிங், அல் கிரிப்போ இருவரும் மெகாஸ்குவிர்ட் என்ற பெயரில், சுற்றுப்பலகையின் வரைபடத்தையும் புரோகிராமையும் யாரும் பார்க்கும்படி வெளியிட்டு, வீட்டு மேஜையில் ஈயம் வைத்துத் தாமே கட்டிக்கொள்ளும் என்ஜின் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தார்கள். அதே காலத்தை ஒட்டி, கலவை எவ்வளவு தூரம் விலகியிருக்கிறது என்பதையே எண்ணாகச் சொல்லும் பாஷின் வைட்பேண்ட் சென்சார் சாமானியனின் கைக்கு எட்டும் விலைக்கு இறங்கியது. பழைய லாம்ப்டா சென்சார் 14.7க்கு அந்தப் பக்கமா இந்தப் பக்கமா என்பதற்குமேல் எதுவும் சொல்லாது. ஸ்பார்க் பிளக்கின் நிறத்தைப் பார்த்துக் குறி சொன்ன பழைய மெக்கானிக்கின் வித்தை இவ்வாறு ஒரு சென்சாருக்கும் சிறு மானிக்கும் இடம் கொடுத்து ஒதுங்கிற்று. எழுதின எண் சரியா என்று சரிபார்க்கும் வழி கிடைத்த பிறகே, எழுதும் உரிமைக்கு அர்த்தம் ஏற்பட்டது என்று சொல்லலாம்.

இந்தப் பெட்டிகளின் இன்றைய எதிரி வயது. முப்பது வருஷம் காரின் உஷ்ணத்தில் கிடந்த பலகைகளில் கெபாசிட்டர் கசிந்து செம்புத் தடத்தை அரித்துவிடுகிறது; அந்தக் காலத்து மிட்சுபிஷி பெட்டிகள் இதற்குப் பேர்போனவை. வாங்குகிறவர்கள் மூடியைத் திறந்து பார்ப்பதோடு மோந்தும் பார்க்கிறார்கள். கசிந்த கெபாசிட்டரின் அழுகல் மீன் வாடை கண்ணுக்கு முன்னால் மூக்குக்குத் தெரிந்துவிடும்.

சட்டமும் தூங்கவில்லை. கலிஃபோர்னியாவில் இரண்டு வருஷத்துக்கொரு முறை வரும் புகைச் சோதனைக்கு முன்தினங்களில் கம்பெனிப் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கி மாட்டி, சோதனை முடிந்ததும் மறுபடி கழற்றி வைப்பது நெடுநாள் வழக்கமாக இருந்தது. 2021 ஜூலை முதல், அனுமதியின்றி மாற்றி எழுதப்பட்ட மென்பொருள் உள்ள கார்களைச் சோதனை நிலையத்துக் கருவியே ஓபிடி-2 இணைப்பின் வழியாகக் கண்டுபிடித்து நிராகரிக்கிறது. ஆனால் 1995 வரை வந்த சிவிக்கில் அந்த இணைப்பே கிடையாது. அதைச் சுழலும் உருளைகளின்மேல் ஏற்றி ஓட்டி, குழாயிலிருந்து வரும் புகையை அளந்து, பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு அனுப்புகிறார்கள். சட்டம் அந்தக் காருக்கும் உண்டு என்றாலும், கால்மாட்டில் இருக்கும் பெட்டியிடம், உன் சாக்கெட்டில் எழுதியிருப்பது யாருடைய எண்கள் என்று கேட்பதற்குச் சோதனை நிலையத்தின் கருவிக்கு வழி இல்லை. ஆகையால் பி28க்கு இன்னும் கிராக்கி இருந்துகொண்டிருக்கிறது.